ஐந்தாவது தலை

“ஒரு வீட்டுக்கு நாலு தலைதான். அஞ்சாவது தலை வந்தா தண்ணித் தொட்டி தாங்காது” என்றார் வீட்டுக்கார அம்மா.

ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருடம் கட்டில் எண்ணிப் பழகியவர் அவர். வாசலில் நின்றவர்களைப் பார்வையாலேயே எண்ணி முடித்துவிட்டார். மிக்சி ரிப்பேர் செய்கிறவர் ஒன்று. அவர் மனைவி தையற்காரி இரண்டு. அவள் கையில் மூன்று கயிறுகள், கயிற்றின் மறுமுனையில் மூன்று நாய்கள்.

நாயையெல்லாமா தலை என்று எண்ணுவார்கள் என்று கேட்க மிக்சிக்காரருக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்பதற்குள் அந்த அம்மாவே விளக்கிவிட்டார். நாய் தண்ணீர் குடிக்கும். அதைக் குளிப்பாட்ட வேண்டும். படுத்த இடத்தைக் கழுவிவிட வேண்டும். அப்படியானால் அதுவும் ஒரு தலைதானே?

நியாயம்தான். பாழாய்ப்போன நியாயம்.

அவர்கள் பார்க்க வந்த பத்தொன்பதாவது வீடு இது.

வாடகை கட்டுப்படியாகிற இடத்திலெல்லாம், நாய் என்ற பேச்சு வந்ததுமே கதவைச் சாத்தினார்கள். நாயோடு வாங்க என்று வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டவர்கள் கேட்ட வாடகையோ, ஊரிலுள்ள மிக்சிகளையெல்லாம் அவரே உடைத்து அவரே ரிப்பேர் செய்தாலும் கட்ட முடியாதது.

இந்த வீட்டில் வாடகையும் சரி, நாய்க்கும் தடையில்லை. ஒரு தலைதான் அதிகம்.

இப்போது இருக்கிற வீட்டை ஞாயிற்றுக்கிழமை இடிக்கப் போகிறார்கள். இன்று வெள்ளி. அதற்குள் இடம் அமையாவிட்டால் மூன்றில் ஒன்றையாவது எங்காவது விட்டுவிட்டு வர வேண்டும்.

எதை?

மூத்த நாய் மேனேஜருக்கு ஒரு கண் தெரியாது, வயதும் ஆகிவிட்டது. குண்டுவுக்குத் தையல் மெஷினுக்கு அடியில் படுத்தால்தான் தூக்கமே வரும். சின்னதை எங்கே விட்டாலும் மோப்பம் பிடித்துத் திரும்பி வந்துவிடும். வந்து பார்த்தால் வீடுதான் இருக்காது.

இந்தப் பேச்சை எடுத்தாலே தையற்காரி எழுந்து போய்விடுகிறாள். அவரும் பாதிச் சோற்றில் கை கழுவிவிடுகிறார்.

அவருடைய ரிப்பேர் கடையில் ஒன்றைக் கட்டிப்போடலாம் என்றால், பக்கத்து மருந்துக்கடைக்காரர் போன மாதமே தாம்தூம் என்று குதித்துவிட்டார்.

“உள்ள வந்து பாருங்க, பார்க்கிறதுக்கென்ன” என்றார் வீட்டுக்கார அம்மா.

பார்த்தார்கள். கூடத்து ஜன்னலில் நல்ல வெளிச்சம். பின்பக்கம் உயரமான மதில், நாய்கள் தாண்ட முடியாது. குண்டு அதற்குள் கூடத்தின் நடுவில் காலை நீட்டிப் படுத்துவிட்டது, என்னவோ பத்திரம் பதிந்தவன் மாதிரி. தையற்காரி ஜன்னலோரம் போய் நின்று, மெஷின் பிடிக்குமா என்று கையை விரித்துச் சாண் போட்டுப் பார்த்தாள்.

அதைப் பார்த்த மிக்சிக்காரர் சட்டென்று வீட்டுக்கார அம்மா பக்கம் திரும்பினார்.

“நான் இங்க தங்கப் போறதில்லம்மா. நான் இவளுக்கு அண்ணன். தனியா வீடு தேடறாளேன்னு கூட வந்தேன், அவ்வளவுதான்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது, என்ன வார்த்தை சொல்லிவிட்டோம் என்று. இருபத்திரண்டு வருடக் குடித்தனம். மாமியார் கேட்டால் மயக்கமே போட்டு விழுவார்.

ஆனாலும் கணக்கு சரியாக வந்தது. கடையில் உடைந்த மிக்சிகளை ஓரமாக ஒதுக்கினால் ஒரு பாய் விரிக்கலாம். நாய்க்குத்தான் மருந்துக்கடைக்காரர் குதிப்பார். மனுஷன் படுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

தையற்காரி சாண் போட்ட கையை எடுக்காமல் அவரையே பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. ஆமாம் என்று சொல்லித் தொலையேன் தாயே என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கார அம்மா நோட்டை எடுத்து நான்கு என்று எழுதினார். அலமாரியிலிருந்து சாவிக்கொத்து வெளியே வந்தது. மேனேஜரும் பிழைத்தது, குண்டுவும் பிழைத்தது, சின்னதும் பிழைத்தது. மிக்சிக்காரருக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்தா மதில்மேல் ஒரு பூனை வர வேண்டும்!

மூன்றும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தன. கயிறுகளோடு தையற்காரியும் பின்வாசல்வரை இழுபட்டுப் போனாள்.

“ஐயோ, என்னங்க! இவனைப் பிடிங்க!”

அவர் ஓடிப்போய்ச் சின்னதை அள்ளிக்கொண்டார். அள்ளிய பிறகுதான், அவள் எப்படிக் கூப்பிட்டாள் என்பது அவருக்குப் புரிந்தது. உலகத்தில் எந்தத் தங்கச்சி அண்ணனை ‘என்னங்க’ என்று கூப்பிடுகிறாள்? தையற்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் தலை தானாகக் குனிந்தது. சாயம் வெளுத்துவிட்டது. இனி இருபதாவது வீடு தேட வேண்டியதுதான்.

வீட்டுக்கார அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார். பிறகு இன்னொன்றையும் கழற்றினார்.

“மாடி வீட்டு டீச்சருக்கும் ஒரு அண்ணன் இருக்கார். பின்வீட்டுப் பொண்ணுக்கும் இருக்கார். சாயங்காலம் ஆனா டாண்ணு வந்துடுவாங்க. அண்ணனுங்க எல்லாம் வெளியிலயே குளிச்சிட்டு வந்துடணும் தம்பி, அது ஒண்ணுதான் இங்க சட்டம்” என்று சொல்லி, ஒரு சாவியை அவளிடமும் மற்றதை அவரிடமும் கொடுத்தார்.