பேட்டரி மாற்றாத ஞாயிறு

“இது நீ செஞ்சது இல்லம்மா. பார்த்தாலே தெரியுது,” என்றார் லோகேஸ்வரன்.

மேசைமேல் இருந்த கிளைடர் விமானம் அப்படித்தான் இருந்தது. பால்சா மரத்தை இழைத்து ஒட்டிய இடம் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அதைக் கொண்டுவந்த கேரனுக்கு இருபத்தெட்டு வயது. மேசை நாற்காலி செய்யும் ஆலையில் வேலை.

சுங்கை லாலாங் கிளைடர் கழகத்தில் மொத்தம் எட்டு உறுப்பினர்கள். மறுநடவுக்காகச் செம்பனை எண்ணெய் மரங்களைச் சாய்த்த தோட்டத்துத் திடலில் ஞாயிறுதோறும் கூடி, ரிமோட்டில் விமானம் விடுவார்கள். கழகத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான்: அவரவர் விமானத்தை அவரவர் கையாலேயே செய்திருக்க வேண்டும். சட்டத்தை எழுதியவர் செயலாளர் லோகேஸ்வரன். தம் விமானத்துக்காக ஆறு மாதம் பட்ட பாட்டை, விரலோடு விரல் பசையில் ஒட்டிக்கொண்ட கதை உட்பட, புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார்.

வேலை முடிந்து வந்து நாலு வருஷமாக விமானம் செய்வதாகக் கேரன் சொன்னாள். ஒன்றைக்கூடத் தான் பறக்கவிட்டதில்லை. இந்த வருஷப் போட்டியிலாவது தன் கையால் ஒன்றை மேலே ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றாள்.

“ஆசை இருக்கலாம்லா. அத்தாட்சி வேணுமே.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு விமானத்தின் மூக்கு மூடியைத் திறந்து பேட்டரியை வெளியே எடுத்தாள். அதற்கு அடியில், சட்டைப் பொத்தான் அளவுக்கு, அந்தோணியார் பதக்கம் ஒன்று ஒட்டியிருந்தது.

“நான் செய்யிற எல்லாத்துலயும் இதை ஒட்டிடுவேன் அண்ணே. செம்பனைக்குள்ள போயிட்டா தேடி எடுக்கணும்ல. காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கிறவர் அவர்தானே.”

எட்டுப் பேரும் குனிந்து பார்த்தார்கள். பூசை முடிந்து நேராகத் திடலுக்கு வந்திருந்த கழகத் தலைவர் ஜெரார்ட், அன்று இரண்டாம் முறையாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

லோகேஸ்வரன் தொண்டையைச் செருமினார். பதக்கத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், அதெல்லாம் அத்தாட்சி ஆகாது என்றார். ஜெரார்ட் உடனே தலையாட்டினார். எதிலும் ஒத்துப்போகாத மற்ற ஆறு பேரும் அன்று ஒரே குரலில் ஆமாம் போட்டார்கள். கேரனின் விண்ணப்பத்தில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் செயலாளர்.

கேரன் சண்டை போடவில்லை. விமானத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

காலையில் பழகிப் பார்ப்பதிலேயே பேட்டரி பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதனால் போட்டிக்கு முன்னால் எல்லாரும் மேசைக்கு வந்து புதியதை மாற்றிக்கொள்வது வழக்கம். அன்று மேசை காலியாகவே கிடந்தது.

“அண்ணே, பேட்டரி மாத்தலையா?” என்று கேட்டாள் கேரன்.

“இருக்கிறது போதும். நீ எனக்குச் சொல்லித் தராதே.”

ரப்பர் கயிறு இழுத்துவிட, லோகேஸ்வரனின் விமானம் விர்ரென்று ஏறியது. பருந்து வட்டமிடும் இடமாகப் பார்த்து அதையும் வட்டமிட வைத்தார். நாலாவது நிமிஷம், திருப்புவதற்காக ரிமோட்டின் குச்சியைத் தள்ளினார். விமானம் கேட்கவில்லை. நேராகப் போய், வாய்க்காலைத் தாண்டி, நிற்கிற செம்பனைகளுக்குள் இறங்கி மறைந்தது.

உதவிக்கு இரண்டு பேர் எழுந்தார்கள்.

“யாரும் வராதீங்க. நானே எடுத்துக்கிறேன். போட்டி நிக்க வேணாம், அடுத்து தலைவர் விடட்டும்,” என்று கத்திக்கொண்டே ஓடினார். ஐம்பத்து மூன்று வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

வெட்டிப் போட்ட மட்டைக் குவியல் ஒன்றின்மேல் விமானம் கிடந்தது. மூக்கு பிளந்து மூடி பறந்துபோய், பேட்டரி ஒயரில் தொங்கியது. அது இருந்த இடத்தில் பொத்தான் அளவு அந்தோணியார், கையில் குழந்தையோடு, லோகேஸ்வரனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படியே தூக்காதீங்க அண்ணே. இறக்கைக்குள்ள குச்சி ஒடிஞ்சிருக்கும்.”

கையில் டேப்புடன் பின்னால் கேரன் நின்றாள். அவர் பதில் சொல்லுமுன் குனிந்து, பேட்டரியைப் பதக்கத்தின்மேல் வைத்து, பிளந்த மூக்கைச் சேர்த்து டேப் ஒட்டத் தொடங்கினாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“நான் செஞ்சது எனக்குத் தெரியாதா? சுங்கைப்பட்டாணிக் கடை முதலாளி தவ்கே ஆர்டர் கொடுத்தப்போ, பேரை மட்டும் எங்கயும் எழுதாதேன்னாரு. அந்தோணியாரை ஒட்டாதேன்னு சொல்லலை.”

அந்தக் கடையில் யாருக்கும் தெரியாமல் விமானத்தை வாங்கியதிலிருந்து, இரண்டு வருஷமாகப் பேட்டரி மாற்றும்போதெல்லாம் பார்த்த பதக்கம். கடைக்காரர் ராசிக்கு ஒட்டியது என்றுதான் அவர் நினைத்திருந்தார், அன்று காலைவரை.

“எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கலாமே?”

“உங்க மானத்தைக் கப்பலேத்திட்டு நான் விமானம் விடணுமா?”

லோகேஸ்வரன் சட்டைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். முன்பு எழுதியதை அடித்துவிட்டு, தொடையில் வைத்து, ‘சொந்தக் கைவேலை. நானே சோதித்துப் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“ஜெரார்டும் போடணும். அவர்தான் கஷ்டம். சட்டம்னா சட்டம்னு நிக்கிற மனுஷன்.”

நாலு மர வரிசை தள்ளி, காய்ந்த மட்டைகள் மிதிபட்டு முறிந்தன. யாரோ மூச்சு வாங்க ஓடி வந்து, திடல் பக்கம் திரும்பிக் கத்துவது கேட்டது.

“யாரும் வராதீங்க. நானே எடுத்துக்கிறேன்.”

ஜெரார்டின் குரல்.

கேரன் டேப் எவ்வளவு மிச்சம் என்று தூக்கிப் பார்த்தாள்.

“சிக்கனமாத்தான் ஒட்டணும் அண்ணே. இன்னும் ஆறு பேர் வரணும்.”