வீட்டு ஒத்திகை

"சார், ஞாயித்துக்கிழமை நாடகத்த நிறுத்திடுங்க!"

செங்கம் ரோட்டிலிருந்த தன் ஸ்டூடியோவில், ஒரு வெள்ளைக்காரருக்கு விசா போட்டோ வெட்டிக்கொண்டிருந்த சக்கரவர்த்தி நிமிர்ந்து பார்த்தார். வாசலில் ஆதிலட்சுமி நின்றிருந்தாள். அவருடைய நாடகக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஹார்டுவேர் கடை அறிவுச்செல்வனின் மனைவி. ஆணி வாங்கப் போன இடத்தில் அறிவுச்செல்வனின் கணீர்க் குரலைக் கேட்டு, நடிக்க வாங்க என்று பிடித்து இழுத்து வந்தவர் சக்கரவர்த்திதான்.

இப்படிப்பட்ட வருகைகள் அவருக்குப் புதிதில்லை. பகலில் போட்டோ, சாயங்காலம் நாடகம் என்று இருபது வருஷமாக ஓட்டுகிறவர். எழுதுவார், இயக்குவார், ஆள் வராவிட்டால் அந்த வேஷத்தையும் தானே கட்டிக்கொண்டு மேடையேறிவிடுவார். திருவண்ணாமலையில் அவர் வாங்கிய கைத்தட்டல் ஒரு பங்கு என்றால், நடிகர்களின் மனைவிமார்களிடம் வாங்கிய திட்டு பத்து பங்கு.

"உக்காருங்கம்மா. திட்டுறதா இருந்தா கொஞ்சம் மெதுவா திட்டுங்க. கஸ்டமர் இருக்காரு."

"அவருக்குத் தமிழ் தெரியாதே?"

"‘வணக்கம்’, ‘சக்கரை கம்மி’. இந்த ரெண்டும் தெரியும்."

ஆதிலட்சுமி சிரித்துவிட்டாள். வெள்ளைக்காரர் போட்டோவை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போகும்வரை காத்திருந்தாள்.

"திட்ட வரல சார். நாடகத்த ஒரேயடியா நிறுத்த வேணாம். ஒரு ஆறு மாசம் தள்ளி வைங்க. ஒத்திகை மட்டும் தினம் நடக்கட்டும்."

ஒத்திகையை நிறுத்தச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. நீட்டச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் இவள்தான். சக்கரவர்த்திக்குத் தலை சுற்றியது.

"என்னம்மா இது! நோட்டீஸ் அடிச்சாச்சு. வேங்கிக்கால்ல பந்தலுக்குச் சொல்லியாச்சு. என்ன பிரச்னை?"

அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"எங்க வீட்டுக்காரரப் பத்தி உங்களுக்குத் தெரியாது சார். கல்யாணம் ஆன நாள்லருந்தே பேச்சு கம்மி, கோவம் ஜாஸ்தி. நான் கஃபேல சமையல் வேலை முடிச்சு வர கொஞ்சம் லேட்டானா வீடே அதிரும். அவரு வண்டி சத்தம் கேட்டாலே புள்ளைங்க டிவிய அணைச்சிட்டுப் புக்க எடுத்துக்கும்."

"இப்ப?"

"இப்ப எல்லாம் தலைகீழ் சார்! உங்க ஒத்திகைக்கு வர ஆரம்பிச்ச மறுநாளே ஆளு மாறிட்டாரு. என்னங்க புதுசா இருக்கேன்னு கேட்டேன். ‘நாடகத்துல நல்ல புருஷன் வேஷம். வீட்லயும் பழகணும்னு டைரக்டர் சொல்லிட்டாரு’ன்னாரு. நீங்க நல்லா இருக்கணும் சார்."

சக்கரவர்த்தி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நான் சொன்னேன்னு சொன்னாரா?"

"ஆமா சார். ஏன், சொல்லலையா?"

"அத விடுங்க. வீட்ல என்ன வசனம்லாம் பேசிப் பழகுறாரு?"

"பெருசா ஒண்ணும் இல்ல சார். ‘நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை செய்றியே, கால் வலிக்குதா’ன்னு கேக்குறாரு. நேத்து குழம்புல உப்பு போட மறந்துட்டேன். பழைய ஆளா இருந்தா அவ்வளவுதான். இவரு எழுந்து போயி உப்பு டப்பாவ எடுத்துட்டு வந்து போட்டுக்கிட்டாரு. ‘நீயும் உக்காந்து சாப்பிடு’ன்னாரு. நடிப்புதான்னு தெரியுது. தெரிஞ்சும் நம்பணும்போல இருக்கு சார்."

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பெஞ்சின் மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை சக்கரவர்த்தி அவள் பக்கமாக நகர்த்தினார்.

"ஞாயித்துக்கிழமை நாடகம் முடிஞ்சா வேஷத்தக் கலைச்சிடுவாரு. திங்கக்கிழமை காலைல எனக்கும் புள்ளைங்களுக்கும் அந்தப் பழைய மனுஷன்தானே? அதான் ஓடி வந்தேன். நடிப்பா இருந்தாலும் பரவால்ல சார், இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டும்."

நாடகத்துக்காக சக்கரவர்த்தியிடம் யாரும் இவ்வளவு கெஞ்சியதில்லை. அவருக்கும் என்னவோ செய்தது.

"கதை என்னன்னு உங்க கிட்ட சொன்னாரா?"

"கேட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து பாருன்னுட்டாரு. துருவித் துருவிக் கேட்டா வெளிய எழுந்து போயிடுறாரு."

"ஒத்திகை பாக்க நீங்க வரவே இல்லையே?"

"வேலை முடிஞ்சு வரதுக்குள்ள இருட்டிடுது சார். எங்க வரது?"

"சரிம்மா. நாடகம் ஞாயித்துக்கிழமை நடக்கும். தள்ளி வைக்க மாட்டேன். நீங்க புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வந்து முன் வரிசையில உக்காரணும்."

ஆதிலட்சுமியின் முகம் சுருங்கிப்போனது.

"அப்ப திங்கக்கிழமை?"

"திங்கக்கிழமையும் அவரு இப்படியேதான் இருப்பாரு."

"அது எப்படி சார் இவ்ளோ உறுதியா சொல்றீங்க?"

சக்கரவர்த்தி நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"இந்த நாடகத்துல நல்ல புருஷன்னு ஒரு வேஷமே கிடையாதும்மா. நான் அவருக்குக் குடுத்தது, பொண்டாட்டி புள்ளைங்கள நடுங்க வைக்கிற வேஷம். மொத நாளு வசனத்த ஒரே மூச்சுல பேசி முடிச்சாரு. அவருக்குப் பொண்டாட்டியா நடிக்கிற பொண்ணு அழறதப் பாத்துட்டு எங்கிட்ட வந்து மெதுவா கேட்டாரு, ‘எங்க வீட்லயும் இப்படித்தான் அழுவாளா சார்?’னு."