கேபிளுக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மங்கையர்க்கரசி அதை நாலு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிட வேண்டியதுதான்" என்று செருப்பை மாட்டினாள்.

ரவுட்டர் தன்னில் செருகியிருந்த கேபிளிடம், "நான் நல்லாத்தான்டா இருக்கேன். உன்கிட்டயிருந்துதான் ஒண்ணும் வரலை" என்றது.

கேபிள் தயங்கியது. "நேத்து என்னைக் கழட்டித் துடைச்சப்போ எனக்கும் சந்தனம் வச்சாங்கண்ணே. அது வாய்க்குள்ள போய்க் காய்ஞ்சிடுச்சு."

"அதை ஏன்டா சொல்லலை?"

"இத்தனை வருஷத்துல எனக்குப் பொட்டு வச்சது இதுதான் முதல் தடவை. சொன்னா துடைச்சிடுவாங்களே."

ரவுட்டரின் சிவப்பு விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த கேபிள், கொக்கியை விட்டுவிட்டுத் தரையில் விழுந்தது.

சத்தம் கேட்டுத் திரும்பிய மங்கையர்க்கரசி அதை எடுத்து முனையைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு, சந்தனத்தைச் சுரண்டித் துடைத்துச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

ரவுட்டர் பெருமூச்சு விட்டது. "அடுத்த பூஜைக்கு நெத்தியைக் காட்டுடா. வாயைக் காட்டாதே."