விசில் அடிக்காத சட்டி

ஒரு சமையலறையில் குக்கர் ஒன்று இருந்தது. அங்கே அதுதான் பலசாலி. விசில் அடிக்கிற பாத்திரம்தான் சுதந்திரமான பாத்திரம், சத்தம் போடாததெல்லாம் அடிமை என்பது அதன் கொள்கை. யார் நண்பன், யார் எதிரி என்பதையெல்லாம் அதை வைத்தே முடிவு செய்யும்.

ஒருநாள் காலையில் பாலுக்கு உறை ஊற்றித் தயிர்ச்சட்டியை மூலையில் வைத்திருந்தார்கள். மத்தியானச் சோற்றுக்குள் தயிராகிவிட வேண்டுமே என்று சட்டி மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, உன்னைப் பேசவிடாம வச்சிருக்கிறது யாரு?" என்று குக்கர் கேட்டது.

"யாருமில்லண்ணே. தயிர் உறையுது. ஆடினா தண்ணி விட்டுரும்."

"பயத்துல சொல்றே. இரு, உனக்கு விடுதலை வாங்கித் தர்றேன்."

"அந்தப் பால்குண்டான் தினமும் பொங்கி அடுப்பையே அணைக்குது. அவனைக் கேளுங்களேன்!"

"அவன் நம்ம ஆளு. பொங்குறப்போ என்னமா சத்தம் போடுறான்!"

சொன்னதோடு நிற்காமல், சட்டிக்குக் காவல் என்று குக்கர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து நாலு விசில் விட்டது. மேடையே அதிர்ந்தது. சட்டியின் மூடி தடதடவென்று ஆடியது. உள்ளே பாதி உறைந்த தயிர் உடைந்து தண்ணீராய் நின்றது.

"பேச ஆரம்பிச்சுட்டா!" என்று குக்கர் பூரித்துப்போனது.

பிறகு அது நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தது. அங்கே ஊறுகாய் ஜாடி, வாயில் வெள்ளைத்துணி கட்டி உட்கார்ந்திருந்தது.

"அடப்பாவமே! இவளுக்கு வாயையே கட்டிப் போட்டிருக்காங்களே!"

"அக்கா," என்று கத்தியது தயிர்ச்சட்டி, "ஒரு பாட்டாவது பாடிருங்க, காப்பாத்த வந்துரப் போறாரு!"