அளவு சேரவில்லை

"முன்சக்கரத்தைப் பிடிக்கிற இந்த ஸ்பிரிங் ஃபோர்க்தான் பாரம். ஸ்பிரிங் இல்லாத கார்பன் ஃபோர்க் போட்டா வண்டி மலையில பறக்கும். ஆனா கடைக்காரன் யானை விலை சொல்றான்."

"நம்ம கைக்கு அடங்கினதா நான் பார்த்து ஆர்டர் போடறேன். நீங்க பழசைக் கழட்டுங்க."

போன மாதம் மனைவி இப்படிச் சொன்னபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு விடிந்தால் சைக்கிளோடு மலைக்கு ஓடிவிடுகிறவன்மேல் இவளுக்கு இத்தனை கரிசனமா!

முதலில் வந்த ஃபோர்க்கின் தண்டு பருமனாக இருந்ததால் சைக்கிள் சட்டத்துக்குள் நுழையவே இல்லை. திருப்பி அனுப்பினான். அடுத்தது குட்டை. இன்று வந்ததில் சக்கரத்தின் அச்சு உட்காரவில்லை.

"இந்த ஞாயிறும் போச்சு! அந்தக் கடைக்காரனுக்கு அளவுன்னா என்னன்னு தெரியுமா? போன் போட்டு நாலு வாங்கு வாங்கறேன்."

"அவரைத் திட்டாதீங்க."

"பின்ன யாரைத் திட்டறது?"

"என்னை. சரியான ஃபோர்க்கை முதல் நாளே நம்ம விலைக்கே காட்டினாரு. நான்தான் ஒவ்வொரு தடவையும் சேராததா பார்த்து எடுத்தேன்."

அவன் கையிலிருந்த ஃபோர்க்கைக் கீழே வைத்தான்.

"இந்த ஒரு மாசமாத்தான் ஞாயித்துக்கிழமை நாம சேர்ந்து சாப்பிடறோம்" என்றாள் அவள். குரல் இறங்கியது. "கல்யாணமானதுல இருந்து கேக்கணும்னு நினைச்சுட்டே இருக்கேன். பாதி ஞாயித்துக்கிழமையாவது எனக்குக் குடுங்களேன்."