துண்டுக்கடியில் ஐந்து அசை

மாட்டுத் தரகர் மாரப்பன் தன் ஒரே மகளுக்கு வைத்த விலை, ஒரு விரல் பொய். நாளை இத்தாலிய மொழித் தேர்வு. தேறிவிட்டால் மேனகா அந்த நாட்டுக்கே நர்ஸ் வேலைக்குப் போய்விடுவாள். வினைச்சொல்லில் எந்த அசையை அழுத்த வேண்டும் என்பதை அச்சிட்ட பக்கம் சொல்வதில்லை. ஆகவே தரகர், சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தமக்குத் தெரிந்த வழியில் துணைக்கு உட்கார்ந்தார்: அவர் காதில் பாடம் ஓடும் இயர்போன், துண்டுக்கடியில் மகளின் கை. பெருவிரல் முதல் அசை, சுண்டுவிரல் ஐந்தாவது. டீச்சர் அழுத்திச் சொல்லும் அசை எதுவோ, அந்த விரலை அவர் அழுத்துவார். அவள் சொல்லிப் பார்ப்பாள்.

‘தெலேஃபொனனொ’ வந்தது. அவர்கள் போன் பேசுகிறார்கள் என்று பொருள். கை நிறைய ஐந்து அசை. மாரப்பன் மோதிரவிரலை அழுத்தினார். மேனகா இரண்டாம் அசையை அழுத்திச் சொன்னாள்.

“கண்ணு, வெரலப் பாத்துச் சொல்லு.”

“இது நேத்தே கிளாஸ்ல படிச்சதுங்கப்பா. கெழட்டு மாட்டை ரெண்டு பல்லு எளசுன்னு விக்கறத சந்தையோட வெச்சுக்கங்க.”

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை; சந்தையிலும் தெரியாது. கையை மட்டும் விடவில்லை. கையை விட்டால் பேரம் முறிந்ததாக அர்த்தம். மேனகா அவருடைய மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தாள்.

“அங்க இருக்கறது மாசமா, வருசமா?”

“வருசமுங்கப்பா.”

அவர் ஒன்றை மடக்கினார். அவள் நிமிர்த்தினாள். மறுபடியும் மடக்கினார். இயர்போனில் டீச்சர் எங்கேயோ போய்விட்டாள். துண்டுக்கடியில் ஒரு விரல் இன்னும் பாக்கி.