டெல்பர்ட் வீட்டு ஆந்தை

"ஹூ... ஹூ... ஹூ!"

கொல்லையில் விறகு அடுக்குக்குப் பின்னால் குந்திக்கொண்டு, உள்ளங்கைகளை வாயில் குவித்துக் கூவினார் டெல்பர்ட். முப்பத்தெட்டு வருஷம் கூரை வேலை பார்த்த முழங்கால்கள் கடக் கடக் என்றன. ஆந்தைச் சத்தம்தான் வரவில்லை.

"இது ஆந்தையா, அடைச்சுக்கிட்ட குழாயா?" சமையலறை ஜன்னலில் நின்று சிரித்தாள் மனைவி ஆர்லீன். "வயித்துலேர்ந்து கூவுய்யா!"

"மெதுவாப் பேசு. வெர்னாம்மா காதுல விழுந்தா தொலைஞ்சோம்!"

எல்லாம் ஆறு கஞ்சாச் செடிகளால் வந்த வினை. ஆர்லீனுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாமல் இருந்தது. போன குளிர்காலத்துப் பூவில் டெல்பர்ட் காய்ச்சிய களிம்பைத் தடவிய பிறகுதான் மறுபடியும் கிதாரைத் தொட்டாள். இப்போது அந்தக் களிம்பு டப்பாவில் அடி தெரிந்தது.

வீட்டுக்கு ஆறு செடி வளர்க்கக் கலிபோர்னியாவில் சட்டம் விடுகிறது. பெலிகன் சந்தின் தெருச் சங்கம் விடாது. சங்கத் தலைவி, பக்கத்து வீட்டு வெர்னா அம்மாள். தேவாலயப் பாட்டுக் குழுவில் முன்வரிசைக்காரர். குப்பைத் தொட்டி மூடி திறந்து கிடந்தாலே எச்சரிக்கைக் கடிதம் போடுகிறவர்.

அக்டோபரில் வைத்த செடிகள் முழங்கால் உயரத்திலேயே மொட்டு விட்டன. குளிர்காலச் செடி அப்படித்தான், நீண்ட இருட்டைக் கண்டதும் குள்ளமாக நின்றே பூக்கும். ஆனால் இருட்டுக்கு நடுவில் தினமும் வெளிச்சம் பட்டால் பூவை மறந்துவிட்டு இலை விடத் தொடங்கிவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான், கிறிஸ்துமஸுக்குத் தெரு முழுக்க விடிய விடிய விளக்கு எரிய வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் எதிர்வீட்டு க்ளைட் எழுந்து நின்றான். நாலாயிரம் பல்பு வாங்கி வைத்திருந்தான்.

டெல்பர்ட் துள்ளி எழுந்தார். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"கூடாது! எங்க மரத்துல ஆந்தை முட்டை போட்டிருக்கு. வெளிச்சம் பட்டா விட்டுட்டுப் போயிடும்!"

வெர்னா அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரையே பார்த்தார். டெல்பர்டுக்குக் காது சுட்டது.

"பாவம், வாயில்லா ஜீவன்," என்று மேஜையைத் தட்டினார் அந்த அம்மாள். "ஆந்தை போற வரைக்கும் தெருவுல ஒரு பல்பு எரியக் கூடாது. இதான் முடிவு."

க்ளைட் விடவில்லை. "நான் ஒரு நாளும் ஆந்தைச் சத்தம் கேட்டதில்லையே. சனிக்கிழமைக்குள்ள கேக்கலேன்னா சுவிட்சைப் போட்டுடுவேன்!"

அதற்காகத்தான் இந்தக் கூவல். இன்று சனிக்கிழமை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. டெல்பர்ட் இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கூவினார்.

"ஹூ... ஹூ... ஹூ!"

"ஹூ... ஹூ... க்கும்... ஹூ!"

எங்கிருந்தோ பதில் வந்தது. நிஜமான, கனத்த குரல். நடுவில் லேசாகக் கமறியது.

இருவரும் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் டெல்பர்ட் விறகு அடுக்கைச் சுற்றி ஆட ஆரம்பித்தார். "வந்துடுச்சு ஆர்லீன்! நிஜ ஆந்தையே வந்துடுச்சு!"

"உன் குரல்ல மயங்கி எவளோ வந்திருக்கா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள் ஆர்லீன். "அவளையே கட்டிக்கோ. நான் கிதாரோட எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

அன்றிலிருந்து தினமும் அந்தி சாயும்போது கச்சேரிதான். இவர் கூவ, அது பதில் கூவும். க்ளைட் வாசலில் நாற்காலி போட்டு, சூடான கொக்கோவும் கையுமாகக் கேட்டான். தெருப் பிள்ளைகள் கதவுக்குக் கதவு ஆந்தைப் படம் ஒட்டினார்கள். கிறிஸ்துமஸ் அன்றுகூடத் தெரு கும்மிருட்டாகக் கிடந்தது. தேவாலயத்தில் எல்லோரும் பாட, வெர்னா அம்மாள் மட்டும் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, தொண்டை கட்டிவிட்டதென்று மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார். மத்தபடி குறையொன்றுமில்லை.

ஜனவரி முதல் வாரம் டெல்பர்ட் ஆறு செடியையும் அறுத்துக் கொட்டகைக்குள் தொங்கவிட்டார். இனி ஆர்லீனுக்கு ஒரு வருஷத்துக்குக் களிம்புக் கவலை இல்லை. அன்றைக்கும் மறுநாளும் கூவ மறந்தே போனார்.

மூன்றாம் நாள் காலை, வேலிக்கு மேலே வெர்னா அம்மாளின் தலை எழும்பியது.

"என்ன டெல்பர்ட், ரெண்டு நாளா உங்க ஆந்தை கூவவே இல்லையே?" குரல் கரகரத்தது.

டெல்பர்ட் இலைப் பிசின் அப்பிய கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "அது... குஞ்சோட பறந்து போயிடுச்சும்மா. அதைக் கேட்டதும் க்ளைடுக்கு ஒரே குஷி. இன்னிக்கு சாயந்திரமே நாலாயிரம் பல்பையும் எரிய விடப் போறானாம்."

வெர்னா அம்மாளின் முகம் வெளுத்தது. தெருவை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, வேலியில் எக்கி அவர் காதோரம் குனிந்தார்.

"ஐயோ, இன்னும் பத்து நாள் கூவுங்க டெல்பர்ட்... என்னோட ஆறு ஆந்தையும் இப்பத்தான் பூத்துக்கிட்டிருக்கு!"